மூன்று பேர் ஏறும் படகு

சொந்தமாகப் படகு செய்து வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் அரசாங்கம் முதலில் கேட்பது, எதற்கு என்றுதான். மீன் பிடிக்கவா, ஆள் ஏற்றிக் காசு பார்க்கவா? இரண்டும் இல்லை, வெள்ளம் வந்தால் ஏறிக்கொள்ள என்றேன். அலுவலகத்தில் இருந்தவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அது தீயணைப்புக்காரங்க வேலை வே. அப்படி எழுதினா மேல ஒத்துக்கிட மாட்டாவ. சொந்த உபயோகம், உல்லாசப் படகுன்னு எழுதும்."

உல்லாசமாம். வந்த கோபத்துக்குத் தாளைக் கிழித்து அவர் மேசையிலேயே போட்டிருப்பேன். வீட்டில் இருப்பவளை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிக் கொடுத்தேன். படகு ஒன்று இருந்தால்தான் இந்த வீட்டில் இனி தூங்க முடியும் என்று என் மனைவி சொல்லியிருந்தாள். அவள் ஒழுங்காகத் தூங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது.

எங்கள் தெரு முக்கூடல் பக்கம், ஆற்றுக்கும் குளத்துக்கும் நடுவில். அதற்கு முந்தைய மார்கழியில் வந்த வெள்ளத்தின்போது நான் கங்கைகொண்டானில் வேலைக்குப் போன இடத்தில் மாட்டிக்கொண்டேன். அவள் மாடியில் தனியாக இருந்தாள். எதிர்வீடு ஓட்டு வீடு. அதில் தூரத்துச் சொந்தமான ஓர் அத்தை ஒற்றை ஆளாக இருந்தார். மதியமே மகன் வந்து கூட்டிப்போய்விட்டான் என்று தெருவே நம்பியிருந்தது. விளக்கு வைக்கிற நேரம், கரண்டும் இல்லை. தண்ணீருக்கு அந்தப் பக்கமிருந்து "ஏட்டி" என்று ஒரு குரல். கொஞ்சம் கழித்து இன்னொரு முறை, "ஏட்டி".

எங்கள் பக்கத்தில் இருட்டிய பிறகு வெளியிலிருந்து குரல் வந்தால் உடனே யாரும் என்னவென்று கேட்க மாட்டார்கள். மூன்றாம் முறை கூப்பிட்டால்தான் மனிதக் குரல். மற்றவை இரண்டோடு நிறுத்திக்கொள்ளும் என்று நம்பிக்கை. கோயிலுக்குப் போகிறவர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள், பி.எட். முடித்தவர்கள் எல்லோரும் இதில் ஒன்றுதான். ஆளே இல்லாத வீட்டிலிருந்து கூப்பிட்டால் யாருக்குத்தான் குலை நடுங்காது? அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது குரலுக்குக் காத்திருந்தாள். அது வரவில்லை.

தண்ணீர் வடிந்தபோது எதிர்வீடு மண்மேடாகக் கிடந்தது. குளத்துக்குள் நிற்கும் கருவேல மரம் ஒன்றில் அத்தையின் சேலை சிக்கியிருந்தது. அத்தை கிடைக்கவில்லை. அன்று மதியம் வந்தவன் பக்கத்துத் தெருக் கிழவியின் மகன், கூட்டிப்போனதும் அந்தக் கிழவியைத்தான் என்று அப்புறம்தான் தெரிந்தது.

"நீ பதில் சொல்லியிருந்தாலும் என்ன செஞ்சிருக்க முடியும்?" என்று எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தேன்.

"நான் இருக்கேன் அத்தேன்னாவது சொல்லியிருப்பேம்லா" என்றாள்.

சாயங்காலம் ஆனால் மாடிக்குப் போய் நின்றுவிடுவாள். குளத்துப் பக்கம் கையைக் காட்டி, "கூப்பிடுதாவ" என்பாள். எனக்குத் தவளைச் சத்தம்தான் கேட்கும். பிறகு விடிய விடிய உட்கார்ந்திருப்பாள். பாளையங்கோட்டையில் டாக்டர் கொடுத்த மாத்திரைக்குக் கண் மட்டும் மூடியது.

வேலை செய்யும் இடத்தில் ஃபைபர் ஒட்டப் பழகியிருந்தேன். பிளைவுட் வாங்கி, வளைத்து, ஃபைபர் போர்த்தி, முற்றத்திலேயே படகைச் செய்துவிட்டேன். "அண்ணாச்சி, இலங்கைக்கு எப்பம் பொறப்பாடு?" என்று தெருவில் கேட்காதவன் கிடையாது. செய்ததைக் குளத்தில் இறக்கப் போனபோதுதான் சட்டம் குறுக்கே வந்து நின்றது. அனுமதியில்லாமல் இறக்கினால் தூக்கிக்கொண்டு போய்விடுவோம் என்றார்கள்.

மோட்டார் மாட்டினால் பதிவு, தகுதிச் சான்று, இன்சூரன்ஸ், ஓட்டுகிறவனுக்கு உரிமம் என்று வால் நீண்டுகொண்டே போகும் என்றார்கள். மோட்டாரே வேண்டாம், துடுப்புப் போதும் என்றேன். அப்படியும் விடவில்லை. குளத்துக்குப் பொதுப்பணித்துறை, கரைக்குப் பஞ்சாயத்து, மீனுக்குக் குத்தகைக்காரர் என்று ஒரே தண்ணீருக்கு இத்தனை சொந்தக்காரர்கள். படகின் இரண்டு பக்கமும் எண் எழுத வேண்டும். எத்தனை பேர் ஏறலாம் என்று எழுத வேண்டும். அத்தனை பேருக்கும் லைஃப் ஜாக்கெட் வேண்டும். இருட்டிய பிறகும், குளம் நிரம்பி மறுகால் பாயும்போதும் இறக்கக் கூடாது.

இரண்டு பேர் என்று எழுதப் போனேன். அவள் தூரிகையைப் பிடித்துக்கொண்டாள். "மூணுன்னு எழுதுங்க." மூன்று என்றே எழுதினேன். மூன்று ஜாக்கெட் வாங்கினேன்.

சோதித்துப் பார்க்க ஒரு பொறியாளர் வந்தார். மணல் மூட்டை ஏற்றி, தண்ணீர் ஏறும் மட்டத்தைப் பார்த்து, சரி என்றார். பிறகு கரையில் நின்றபடி நிபந்தனைகளை ஒவ்வொன்றாக வாசித்தார். தண்ணீரில் யாராவது உதவிக்குக் கூப்பிட்டால், நம் படகுக்கு ஆபத்து இல்லாத மட்டும், உடனே போயாக வேண்டும் என்று ஒன்று வந்தது. அதுவரை குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பினாள்.

"எத்தன தடவ கூப்பிட்டா போகணும் சார்?"

அவர் சிரிக்கவில்லை. அவரும் இந்தப் பக்கத்துக்காரர்தானே. "ஒரு தடவ போதும்மா. காதுல விழுந்துட்டா போயிரணும்."

அன்று சாயங்காலமே படகை இறக்கினோம். வெயில் இறங்கி, வெளிச்சம் மட்டும் மிச்சமிருந்தது. நடுக்குளத்துக்கு வந்ததும் தவளைகள் எல்லாம் ஒரேயடியாக வாயை மூடிக்கொண்டன. துடுப்பிலிருந்து சொட்டும் தண்ணீர்ச் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது. அப்போது கருவேல மரங்களின் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. தண்ணீர்க்கோழியாக இருக்கலாம். இருக்கட்டும். ஆனால் எனக்கும் கேட்டது, ஒரே ஒரு முறை.

"இந்தா வாரேன் அத்தே!" என்றாள் அவள். அடுத்த மூச்சு விடுவதற்குள் சொன்னாள்.

திரும்பிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த மரங்களை நோக்கித் துடுப்புப் போட்டேன். அங்கே ஒன்றும் இல்லை. கறுத்த தண்ணீரும் முள்ளும்தான். அவள் குனிந்து இரண்டு கைகளையும் தண்ணீருக்குள் விட்டாள். படகு அந்தப் பக்கம் சாய்ந்தது. அவள் ஒருத்தி குனிந்ததற்கு அவ்வளவு சாய்ந்திருக்கக் கூடாது. ஒரு கையளவு தண்ணீர் உள்ளே வந்தது, பிறகு படகு நிமிர்ந்துகொண்டது. மூன்றாவது ஜாக்கெட்டை எடுத்து நடுப்பலகையில் நிமிர்த்தி வைத்து, முன்பக்க நாடாக்களை முடிச்சுப் போட்டாள். அது சரிந்து விழாமல் அப்படியே நின்றது.

"போவோம்" என்றாள். அழுதுகொண்டிருந்தாள். வெள்ளத்துக்குப் பிறகு அவள் அழுது அன்றுதான் பார்த்தேன்.

வந்ததைவிடத் திரும்புவது பாரமாக இருந்தது. நடுப்பலகையை நான் பார்க்கவேயில்லை. கரை தட்டியதும் நான் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று படகைப் பிடித்துக்கொண்டேன். அவள் இறங்கினாள். திரும்பி, படகை நோக்கிக் கையை நீட்டினாள்.

"பைய இறங்குங்க அத்தே, வழுக்குது."

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் படகு ஆடிவிடக் கூடாதே என்று, அவள் கையை மடக்கும் வரை, இரண்டு கைகளாலும் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.