ஓலை வாசிக்காத ஞாயிறு

எங்கள் சபையில் யாரும் யாரையும் முகத்துக்கு நேரே திட்டுவதில்லை. ஜெபத்தில் சொல்லிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் வீட்டுக்கு வீடு மாறி ஜெபக்கூட்டம் நடக்கும். அங்கே எல்லோரும் கண்ணை மூடியிருக்கும்போது, பக்கத்து வீட்டு நாய் குரைக்கிற தொல்லைகூட ஆண்டவரிடம் போய்த்தான் அந்த வீட்டுக்காரருக்கு வந்து சேரும். பதில் பேச முடியாது. ஜெபத்தை இடையில் முறிக்க யாருக்குத் துணிவு வரும்?

மாநகராட்சித் தேர்தலுக்குச் சில நாட்கள் இருக்கும்போது, ஜெபக்கூட்ட முறை எங்கள் வீட்டுக்கு வந்தது. மகளின் கல்யாணம் அதே சபையில் நிச்சயமாகியிருந்தது. வரப்போகும் ஞாயிறு முதல் ஓலை. மூன்று ஞாயிறு ஆராதனையில் பெண், மாப்பிள்ளை பெயரை வாசித்து ஆட்சேபம் உண்டா என்று கேட்டால்தான் எங்களுக்குக் கல்யாணம். அதை வாசிக்கச் சொல்வதும் நிறுத்தி வைப்பதும் சபைக் கமிட்டி.

எங்கள் வார்டில் கமிட்டி ஆதரிக்கிற ஒரு வேட்பாளர் இருந்தார். நம்ம ஆள், நம்ம சபை. மழையில் இடிந்த கல்லறைத் தோட்டத்துச் சுவரைக் கட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார். அதை நான் கேலி செய்ய மாட்டேன். இந்த மலையாள ஊரில் தமிழ் பேசுகிற கிறிஸ்தவர்களாக இருப்பது என்னவென்று எனக்குத் தெரியும். மாநகராட்சிக்கு உள்ளே நமக்காகப் பேச ஒரு ஆள் வேண்டும் என்ற பயம் என்னிடமும் உண்டு.

ஆனால் ஆரியசாலையில் அவருடைய குடும்பத்துக்கு ஒரு பழைய கட்டடம் இருந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஹோட்டல்களில் வேலை செய்கிறவர்கள் அதில் தங்கியிருந்தார்கள். ஒரு மழைநாளில் அவர்களை வெளியேற்றிக் கதவைப் பூட்டினார்கள். பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போகும் வழியில் என் மகள் அவர்களைப் பார்த்தாள், தலையில் பிளாஸ்டிக் சாக்கைப் போட்டுக்கொண்டு பெட்டிகளோடு தெருவில் நின்றவர்களை. அன்று தன் கட்சி அலுவலகத்தைத் திறந்து அவர்களை உள்ளே சேர்த்தவர் தேர்தலில் நம்ம ஆளை எதிர்த்து நின்ற இந்துப் பெண்மணி. மறுநாளிலிருந்து மகள் அவருக்காக வீடு வீடாக ஓட்டுக் கேட்டாள்.

“ஓலை கழியற வரைக்கும் ஒண்ணு சும்மா இரி மோளே,” என்று கெஞ்சினேன்.

“ஓலை கழியும்போ எலக்ஷனும் கழிஞ்சிருமே அம்மா,” என்றாள்.

வெள்ளிக்கிழமை சபையின் மூப்பர் வந்தார். கமிட்டியில் அவர் சொல்தான் நடக்கும். மாப்பிள்ளையின் அம்மாவும் வந்து எனக்கு எதிரே பாயில் உட்கார்ந்தார். பாட்டு முடிந்தது. கண்களை மூடினோம். மூப்பர் தொடங்கினார்.

“கர்த்தாவே, இந்த வீட்டுப் பிள்ளைய உம்ம கரத்துல ஒப்புக்கொடுக்கோம். அந்நியருக்க கொடியத் தூக்கிட்டு வெயில்ல அலையறத நீர் காண்கிறீர். வாற ஞாயிறு ஓலை வாசிக்கணுமே ஆண்டவரே. அதுக்கு முன்ன நல்ல புத்தி தாரும். கமிட்டிக்கு ஒரு சங்கடமும் வராம காத்தருளும்.”

“ஸ்தோத்திரம்” என்றார்கள் இரண்டு மூன்று பேர். அதில் சம்பந்தியின் குரல் இருக்கிறதா என்று காதைக் கூர்மையாக்கினேன். இல்லை என்றுதான் தோன்றியது. உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் மகளின் மூச்சு மட்டும் கேட்டது.

முடிவு ஜெபம் வீட்டுத் தலைவருக்கு உரியது. என் கணவர் தொண்டையைச் செருமினார். அதற்குள் நான் தொடங்கிவிட்டேன்.

“ஆண்டவரே, சார் பறஞ்சதெல்லாம் கேட்டீர். மழையில நின்னவங்களையும் கண்டீர். அவங்க எந்தச் சபைன்னு நீர் கேட்டிருக்க மாட்டீர். என் மகளும் கேக்கல்ல. அத அவளுக்கு ஞாயிறு பள்ளியில படிப்பிச்சது இந்த சார்தான். படிப்பிச்சத மறக்கச் சொல்ல வேண்டாம்னு அவருக்கு உணர்த்தும். கல்லறைக்குச் சுவர் வேணும் ஆண்டவரே. அதுக்கு என் பிள்ளைய வெலையா கேக்க விடாதிரும். ஆமென்.”

ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. எழுந்து போய் தேநீரும் பழம்பொரித் தட்டும் கொண்டுவந்து வைத்தேன்.

“சகோதரி இப்படி உரக்க ஜெபிச்சு நான் கேட்டதில்லை,” என்றார் மூப்பர்.

“நானும் கேட்டதில்ல சார். சாய எடுங்க, ஆறுது.”

ஞாயிற்றுக்கிழமை வேறொரு ஜோடிக்கு ஓலை வாசித்தார்கள். எங்களுடையதை வாசிக்கவில்லை. வாசலில் சம்பந்தி என் முகத்தைப் பார்க்காமல், “எலக்ஷன் கழியட்டு மைனி, பேசலாம்,” என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினார். மாப்பிள்ளைப் பையன் மட்டும் மகளுக்குப் போன் செய்து, “நாளைக்கு நீயும் கவுன்சிலர் ஆனா நம்மள மறந்துராதே,” என்று கேலி செய்தானாம். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணம் நின்றுபோனதாகக் கனவு கண்டு இரவுகளில் விழித்துக்கொள்கிறேன்.

ஆனாலும் வாக்குச்சாவடிக்குப் போனேன். மதத்தை வெளியே வைத்துவிட்டு ஓட்டுப் போடு என்று படித்தவர்கள் சொல்வார்கள். என்னால் அது முடியாது. என் விசுவாசம் என்னோடு உள்ளே வந்தது. மழையில் நின்றவர்கள் பக்கம் என் விரலைக் கொண்டுபோனதும் அதுதான். கமிட்டியைத்தான் வெளியே வைத்தேன். அப்பா சொன்ன சின்னத்தையும், பிறகு சபை சொன்ன சின்னத்தையும் அழுத்திப் பழகிய விரல் அது.

வெளியே மூப்பர் நின்றிருந்தார். “ஆண்டவர் உணர்த்தினாரா சகோதரி?”

“அந்தப் பெண்ணுக்குத்தான் போட்டேன் சார்,” என்றேன்.

நம்ம ஆள்தான் ஜெயித்தார். வாண வேடிக்கை எங்கள் வாசல் வரை வந்தது. ஓலை இன்னும் வாசிக்கவில்லை. நாளை ஞாயிறு. எப்போதும் தூணுக்குப் பின்னால் உட்காருகிறவள் நான். நாளை முன்வரிசையில் உட்காருவேன். அறிவிப்புகளில் மகளின் பெயர் வராவிட்டால் எழுந்து ஏன் என்று கேட்பேன். ஜெபமாக அல்ல, கண்ணைத் திறந்துகொண்டு.