பொட்டு வைத்த டிஸ்க்

விருத்தாசலத்தில் நாலைந்து பீங்கான் பட்டறைகளுக்கு நான்தான் கம்ப்யூட்டர்காரன். அதில் ஒன்றில், சூளையின் சூட்டைக் கண்காணிக்க ஒரு பழைய லினக்ஸ் கம்ப்யூட்டரை அமைத்துக் கொடுத்திருந்தேன். அதைப் போட்டதும் பின்னணியில் ஒரு புரோகிராம் தானாக ஓடத் தொடங்கும்; அதை சர்வீஸ் என்போம். சூட்டைத் திரையில் காட்டும், வெளியே செருகிய டிஸ்க்கில் எழுதும், அளவு மீறினால் சைரன் அடிக்கும்.

சூளையைப் பார்த்துக்கொண்டவர் ஒரு அக்கா. அவர் புருஷன் மண் தூசியால் நுரையீரல் கெட்டுப் படுத்த படுக்கையாகிவிட்டார். வீட்டில் சம்பாதிப்பது அக்கா மட்டும்தான்.

ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் கழுவித் துடைத்தோம். அக்கா கம்ப்யூட்டரை ஈரத்துணியால் துடைத்துச் சந்தனம் வைத்தார். நான் டிஸ்க்கைக் கழற்றி, அதற்கும் குங்குமப் பொட்டு வைத்து, அச்சுகளுக்கும் ஸ்பேனர்களுக்கும் நடுவே சாமி படத்தின் முன்னால் வைத்தேன். என் ஆயுதம் இதுதான் என்று பெருமையடித்துக்கொண்டது வேறு.

மறுநாள் காலை போட்டபோது கம்ப்யூட்டர் வந்தது, சர்வீஸ் வரவில்லை. திரையில் சிவப்பு எழுத்து.

"சூடு ஒண்ணும் தெரியலியே தம்பி. சூளைய பத்த வைக்கலாமா, வேணாமா?" என்றார் அக்கா.

"பத்த வைங்கக்கா. அர மணி நேரத்துல சரி பண்ணிடறேன்."

திரும்பத் திரும்ப சர்வீஸைத் தொடங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும், காரணம் பதிவில் இருக்கிறது, போய்ப் பார் என்று ஒரு வரி வந்தது. நடப்பதையெல்லாம் கம்ப்யூட்டர் தனக்குள்ளேயே குறித்து வைக்கும் லாக்தான் அந்தப் பதிவு. நான் பார்க்கவில்லை. நானே அமைத்தது, எனக்கே சொல்லித் தருகிறதா என்ற திமிர். அமைப்புகளை மாற்றினேன். புரோகிராமை அழித்துவிட்டு மறுபடி போட்டேன். மதியச் சாப்பாட்டு நேரமும் போய்விட்டது.

அக்கா சூளையின் சின்ன ஓட்டை வழியாக நெருப்பைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார்.

"நெருப்பு ரொம்ப வெளுத்துப் போயி இருக்குது தம்பி, சூடு மீறிப் போச்சு போல. அணைச்சிடட்டா?"

"இப்ப அணைச்சா சரக்கு வேகாதுக்கா. அஞ்சே நிமிஷம்."

வேறு வழி தெரியாமல்தான் கடைசியில் பதிவைத் திறந்தேன். டிஸ்க் இல்லை, அதனால் சர்வீஸ் தொடங்கவில்லை என்று காலையிலிருந்தே எழுதி வைத்திருந்தது. அது பொட்டோடு சாமி படத்தின் முன்னாலேயே இருந்தது. டிஸ்க்கை எடுத்துவந்து யாருக்கும் தெரியாமல் செருகினேன். சர்வீஸ் உடனே ஓடியது, சைரன் அலறியது. அக்கா ஓடிப்போய் கேஸை அடைத்தார்.

சூடு ஆறிச் சூளையைத் திறந்தபோது சரக்கு முழுவதும் உருகி, அடுக்கி வைத்த சூளைத் தட்டுகளோடு ஒட்டிக் கிடந்தது.

"கம்ப்யூட்டர எவ ஈரத்துணியால தொடச்சா?" என்று முதலாளி கத்தினார். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். முதலாளி என் பக்கம் திரும்பினார். "அதனாலதான?"

"இருக்கலாம்ங்க," என்றேன்.

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அக்காவுக்கு அங்கே வேலை இல்லை.

டிஸ்க்கைக் கழற்றிய நேரம்கூட அந்தப் பதிவில் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவன் அந்தப் பட்டறையில் நான் ஒருவன்தான். முதலாளி கத்திய அன்று சாயங்காலம் கேட் வரைக்கும் அக்காவோடு நடந்தேன். சொல்லிவிடலாம் என்றுதான் போனேன்.

"என் ஈரக்கையாலதான் எல்லாம் கெட்டுது," என்றார் அக்கா. "நீங்க பாவம் தம்பி, சோறுகூட துன்னாம எனக்காவ நாளு பூரா போராடுனீங்க."

நான் அவர் சாப்பாட்டுப் பையை வாங்கி ஆட்டோவில் வைத்தேன்.