வழக்கில் கிடக்கும் வரப்பு

ஹம்சத்வனிக்குப் பாட வராது. தாவரவியல் வந்தது. குத்தாலம் பக்கம் ஒரு கல்லூரியில் பதினோரு வருடமாகத் தற்காலிக விரிவுரையாளர். அந்தத் துறையில் இவ்வளவு நிரந்தரமாக வேறெதுவும் இருந்ததில்லை.

அவள் ஆராய்ச்சி, வரப்பில் புல்லோடு புல்லாக முளைக்கும் ஒரு காட்டு ஆர்க்கிட். ஆர்க்கிட் என்றால் கல்யாண மேடையில் குத்தி வைக்கும் ஊதாப் பூ என்று நினைப்பவர்கள் இதை மிதித்துக்கொண்டே போகலாம்; போகிறார்கள். அதன் விதை தூசியைப் போன்றது. மண்ணிலிருக்கும் பூஞ்சை ஊட்டிவிட்டால்தான் முளைக்கும்.

ஊருக்கு வெளியே, அரிசி ஆலைக் கழிவுநீர் ஓடும் வாய்க்கால் கரையில் அவள் பறித்த காய்களில் விதைகள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. சில பெருத்து, சில கோணலாக. பாதிக்கு மேல் உள்ளே கருவே இல்லாத வெறும் உறை. இது மண் செய்த வேலையா, செடியின் குணமா? சொல்ல வேண்டுமானால் கெடாத மண்ணில் விளைந்த காய் வேண்டும். மூன்று வருடம் தேடி, கீழ்வேளூர் நடராசன் வயலின் மேல்கோடி வரப்பில் செடிகளைக் கண்டாள். மார்ச்சில் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். இனி ஒரு பூக்காலம் கிடையாது.

“என்னம்மா பாக்குறீங்க? மூலிகையா?” என்று அன்றே கேட்டார் நடராசன். மூலிகை என்றால் மறுநாள் வேரோடு போய்விடும் என்று பயந்து, “சும்மா மண்ணுதான் பாக்கறேன் சார்” என்று சொல்லிவைத்தாள்.

காய் பிடித்திருக்கும் என்று கணக்குப் போட்டு, மரியாதைக்கு ஒரு போன் செய்தாள். வியாழக்கிழமை வருகிறேன், சார்.

வியாழக்கிழமை வரப்பு மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலைபோல் பளபளத்தது.

“எப்படி இருக்கு?” நடராசனுக்குப் பெருமை தாங்கவில்லை. “காலேஜ் அம்மா வர்றாங்க, பூச்சி பொட்டு கிடக்கும்னு நானே செதுக்கினேன். திரும்ப முளைக்கக் கூடாதுன்னு களைக்கொல்லியும் அடிச்சாச்சு. மண்ண நல்லா பாருங்க!”

ஹம்சத்வனி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு உண்மையைச் சொன்னாள். செடி, விதை, பூஞ்சை, எல்லாம்.

“அடடா. பூஞ்சைக்கும் சேத்துல்ல அடிச்சுட்டேன்,” என்றார் அவர். “இத அன்னிக்கே சொல்லியிருந்தா வேலியே போட்டிருப்பேனே!”



கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தவர், கிழக்கே கை நீட்டினார். “அங்க ஒரு வரப்பு இருக்கு. எனக்கும் எங்க சித்தப்பா மவன் மருதையனுக்கும் பதினாலு வருஷமா தாவா. ரெண்டு பேரும் கால் வைக்கிறதில்ல. மருந்தடிக்கிறவன்கூடப் பத்தடி தள்ளியே நிறுத்திடுவான், கேசுல மாட்டிக்குவோம்னு.”

தொடை உயரப் புல்லை விலக்கினாள். இருபத்திரண்டு செடிகள். ஒவ்வொன்றிலும் பச்சைக் காய். பதினாலு வருடப் பகை இவ்வளவு சுத்தமாக ஒரு மண்ணைக் காத்திருந்தது. அவளுக்குக் கண் கலங்கியது.

“முத்த இன்னும் பத்து நாள் ஆகும் சார்.”

“பத்து நாளா?” நடராசன் முகம் மாறியது. “வர்ற திங்கக்கிழமை சர்வேயர் அளக்க வர்றாரும்மா. ரெண்டு பேரும் ராசியாப் போறதா கையெழுத்துப் போட்டாச்சு.”

“அளக்கட்டும் சார். புல்லை மட்டும் பத்து நாள் விட்டுவைங்களேன்.”

“என் பக்கம் வந்தா விட்டுடுவேன். அவன் பக்கம் வந்தா அன்னிக்கே செதுக்குவான். செதுக்கினாத்தானே அவனுதுன்னு ஊருக்குத் தெரியும்?”

“நீங்க அவர்கிட்ட ஒரு வார்த்தை...”

“நான் செதுக்காதேன்னு சொன்னா, அதுக்காகவே ரெண்டு தரம் செதுக்குவான்.”

பஸ் ஏற்றிவிட வந்தவர் கும்பிட்டார். “சமாதானமா முடியணும்னு நீங்களும் வேண்டிக்குங்கம்மா. பதினாலு வருஷம், ஒரு நல்லது கெட்டதுக்குப் போகல.”

“கண்டிப்பா வேண்டிக்கறேன் சார்.”

பஸ் நகர்ந்தது. ஹம்சத்வனி கண்ணை மூடி வேண்டிக்கொண்டாள். சர்வேயருக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒரு வாரக் காய்ச்சல் போதும்.