மார்லிஸின் தோள்

ஒரு வருடம் நவம்பரில், மான் வேட்டைக் குடிலிலிருந்து என் கணவன் கோர்டி கொண்டுவந்த அழுக்குத் துணிகளில் ஒரு சிவப்புக் கட்டச் சட்டை இருந்தது. அதன் பின்பக்கத்தில், இடுப்புக்குக் கீழே தொங்கும் துணியைக் கத்தியால் வெட்டியெடுத்திருந்தார்கள். எங்கள் மிச்சிகன் வடக்கில் குறி தவறியவனுக்கு அப்படித்தான் செய்வார்கள். வெட்டிய துண்டில் பெயர் எழுதிக் குடிலின் சுவரில் ஆணியடித்து வைப்பார்கள். நாற்பத்தொரு வருடங்களில் கோர்டியின் துணி அந்தச் சுவரில் ஏறியதில்லை.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"கிளை ஒண்ணு குறுக்க வந்துடுச்சு."

சட்டையைத் துவைத்து மடித்து வைத்தேன். இரண்டு நாள் கழித்து அவனே சொன்னான், கிளை எதுவும் வரவில்லை என்று. வலது தோள் அவனுக்கு வெகுநாளாகவே வலித்துக்கொண்டிருந்தது. முப்பது வருடம் மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் லாரி ஓட்டிய தோள். சுடும்போது பழைய 30-06 துப்பாக்கி தோளில் உதைக்கப்போகிறது என்று உடம்புக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. விசையை அழுத்தும் நொடியில் கண் மூடிக்கொள்கிறது, குழல் தாழ்ந்துவிடுகிறது.

"இந்தத் தடவ மானுக்கு ஒண்ணும் ஆகல. அடுத்த தடவ வயித்துல பட்டு, ஓடிப்போய் எங்கயாவது கிடந்து சாகும். அப்படி ஒண்ணு நடந்தா அதோட வேட்டையவே விட்டுடுவேன், மார்லிஸ்."

வசந்தத்தில் தோளில் அறுவை சிகிச்சை நடந்தது. இனி மென்மையாக உதைக்கும் துப்பாக்கிதான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனால் அந்தக் குடிலில் மென்மையான தோட்டா என்றால் பெண்டாட்டிக்கும் பிள்ளைகளுக்கும்தான்.

ஆகஸ்டில் ஒருநாள் லைல் வந்திருந்தான். கோர்டியோடு அதே குடிலில் வேட்டையாடுபவன், பள்ளிக்காலத்து நண்பன். நான் உருளைக்கிழங்கு வெந்த தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தேன்.

"மார்லிஸ் இந்த வருஷம் வேட்டைக்கு வரணும்ங்கறா," என்றான் கோர்டி.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"இவளா? எலிப்பொறியத் தொடக்கூட உன்னத்தானேடா கூப்பிடுவா!"

"வரணும்னுதான் இருக்கு," என்றேன்.

"அதான் சாதுவான துப்பாக்கி ஒண்ணு பாக்கறேன். உன் 30-30ஐ கொஞ்ச நாள் குடேன், லைல். இவளுக்கு ஒத்துவருதான்னு பாக்கலாம்."

"எடுத்துக்க. உடைச்சா இவளத்தான் கேப்பேன்."

நான் பள்ளி நூலகத்தில் வேலை பார்த்தவள். அதுவரை துப்பாக்கி சுட்டதில்லை.

லைலின் 30-30, பக்கத்து வீட்டுக்காரரின் கனமான பழைய 257, ஊர்க்கடையில் வாங்கிய 243. செப்டம்பர் முழுக்க கோர்டி மூன்றையும் சுட்டுப் பார்க்க ஊருக்கு வெளியே சரளைக் குழிக்குக் கொண்டுபோனான். மெல்லிய சட்டை மட்டும் போட்டுக்கொண்டு, ஒரு நாளைக்கு ஒரு துப்பாக்கியில் ஐந்து குண்டுகள். வீட்டுக்கு வந்ததும் நிரம்பிய காபி டப்பாவை வலது கையால் தூக்குவான். சமையலறை அலமாரியில் மூன்று தட்டுகள். எந்தத் தட்டு வரை கை எழுகிறது என்பதுதான் கணக்கு.

துப்பாக்கிகளின் உதை அட்டவணைப்படி 30-06 இருபது அடி-பவுண்டு உதைக்கும். 243 ஒன்பதோ பத்தோ. 30-30 அதைவிடக் கொஞ்சம்தான் கூட. ஆனால் லைலின் துப்பாக்கி எடை குறைவு, தோளில் பதியும் கட்டையின் முனையில் வளைந்த இரும்புத் தகடு. அது எலும்பைத் தேடிக் குத்தியது. அன்று டப்பா நடுத்தட்டோடு நின்றுவிட்டது. 257 தள்ளியது, குத்தவில்லை, டப்பா மேல்தட்டின் விளிம்பு வரை போனது. 243 சுட்ட அன்று டப்பாவை மேல்தட்டில் வைத்துவிட்டுக் கையை எடுத்தான். 30-06ஐயும் ஒரே ஒருமுறை சுட்டுப் பார்த்தான். அன்று டப்பா மேசையை விட்டு எழவில்லை.

எல்லாவற்றையும் நாட்காட்டியில் குறித்துவைத்தான், என் பெயரில். 'மார்லிஸ், 30-30, நடுத்தட்டு, வலி.' 'மார்லிஸ், 243, மேல்தட்டு, வலி இல்லை.'

வேட்டைக் காலத்துக்கு முன் வேட்டைக் கிளப்பில் எல்லோரும் துப்பாக்கிக் குறியைச் சரிபார்க்கும் நாள் வந்தது. லைல்தான் அன்று பொறுப்பாளன். நான் சுட்டே ஆகவேண்டும் என்றான். காதடைப்பானைப் போட்டுக்கொண்டு இரண்டு குண்டுகள் சுட்டேன். மூன்றாவதை லைல் தன் கையாலேயே போட்டான். விசையை அழுத்தினேன். 'டிக்' என்றது. வேறொன்றும் நடக்கவில்லை.

"மருந்தில்லாத வெறும் தோட்டா அது, மார்லிஸ்! உதைக்குப் பயந்தவன் கையில குழல் தாழும், உனக்கு ஒரு இம்மிகூட அசையல. கோர்டி, இவகிட்ட ட்யூஷன் எடுத்துக்கடா!"

கோர்டி எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். லைல் இன்னொரு தோட்டாவைக் கையில் எடுத்து, "வா, உனக்கும் ஒண்ணு" என்றான். எனக்குக் குளிருகிறது, வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னேன்.

வேட்டை தொடங்குவதற்கு முந்தின நாள், நவம்பர் பதினாலாம் தேதி, கோர்டி தொலைபேசியில் பேசும்போது லைலுக்குக் கேட்கும்படி நன்றாக இருமினேன். "பாவம், காய்ச்சல்" என்றான் கோர்டி. "புதுத் துப்பாக்கி சும்மா கிடக்க வேணாம், நான் எடுத்துட்டு வரேன்."

மறுநாள் எண்பது கஜத்தில் ஒரு ஆண்மான். ஒரே குண்டு, நின்ற இடத்திலேயே விழுந்தது. சட்டை முழுதாக வீடு வந்தது.

"உதை எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"தெரியவே இல்ல. மான் முன்னால நிக்கிறப்ப எதுவும் தெரியாது. பழசை எடுத்துட்டுப் போயிருந்தாலும் தெரிஞ்சிருக்காது." பூட்ஸைக் கழற்றினான். "ஆனா கண்ணு திறந்திருந்துச்சு."

பிப்ரவரியில் கூரைப்பனியை இழுத்துத் தள்ளிக்கொண்டிருந்தவன் ஏணியடியில் உட்கார்ந்திருந்தான். இதயம் நின்று கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. தொட்டுப் பார்த்தேன். உள்ளே போய் அடுப்பை அணைத்தேன். பிறகுதான் தொலைபேசியை எடுத்தேன். உதை எதுவும் தெரியவில்லை. இன்றுவரை பெரிதாக எதுவும் தெரியவில்லை.

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு நடந்தபோது, லைல் காபிக் கோப்பையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"இலையுதிர் காலம் முழுக்க உனக்காகவே அலைஞ்சான். கடைசில எதுதான் ஒத்துவந்துச்சு?"

"243."

"தோள் வலிக்கலயா?"

"இல்ல."

தலையாட்டினான். நான்கு நாற்காலி தள்ளி அவன் மனைவி ஜாய்ஸ் ஜெல்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். துப்பாக்கி வீட்டுக்குள் வந்தாலே கத்துகிறவள்.

"ஜாய்ஸுக்கு ஒண்ணு பாக்கலாம்னு இருக்கேன்," என்றான் லைல் மெதுவாக. கோப்பையை இடது கையில் பிடித்திருந்தான், வலது கை மடியிலேயே கிடந்தது.

அவன் முகத்தைப் பார்க்காமல் இருந்தேன்.

"எங்களோடதை எடுத்துட்டுப் போ. அஞ்சு குண்டு சுட்டதும் காபி டப்பாவ மேல்தட்டுல வைக்கச் சொல்லு."

"யார?"

"ஜாய்ஸத்தான்."

"ம்," என்றான். "அவகிட்ட சொல்றேன்."