மதினியின் ஊதாச் சேலை

சாயல்குடியை விட்டுக் கிழக்கே நடந்துகொண்டிருந்தேன். தோள்பையில் என் இரண்டு சட்டைகளுக்கு மேல் மதினியின் ஊதா நிற நூல்சேலை சுருண்டு கிடந்தது. சாணியும் அடுப்புப் புகையும் கலந்த அதன் வாடை, பையின் ஜிப்பை இழுத்து மூடிய பிறகும் வந்தது. வேண்டுமென்று எடுத்து வந்ததல்ல. அவிழ்த்த வேகத்தில் பைக்குள் திணித்துவிட்டேன். திரும்பிப் போய்க் கொடுக்க மனசு வரவில்லை. எத்தனையோ பேரைப் பார்த்து வயிறெரிந்திருக்கிறேன். அந்தச் சேலை மேல் பட்ட பொறாமை மாதிரி வேறெதன் மேலும் பட்டதில்லை.

மதினி என் அண்ணனின் மனைவி. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் சாயப்பட்டறை, ஓட்டல், உப்பளம் என்று சுற்றி, கடைசியாக இறால் பண்ணை வேலையும் போனதும் அவர்கள் வீட்டில் போய் நின்றேன். வீட்டில் ஒரு ஜெர்சி கலப்பு மாடு. கன்று பிறந்த சில நாளிலேயே செத்துவிட்டது. அதிலிருந்து மதினியின் கைக்கு மட்டும்தான் அது பால் கொடுத்தது. தன் அம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று மதினி உப்பூருக்குக் கிளம்பிய அன்று, வேன் ஓட்டப் புறப்பட்ட அண்ணன் என்னிடம் சொன்னார்: “ஏலே, அவ வாரதுக்குள்ள கறந்து பழகிரு. பழகிட்டேன்னா இன்னொரு மாடு வாங்கிக் கட்டுவோம். நீயும் இங்கனயே இருந்துக்கலாம்.”

இங்கனயே இரு என்று அதுவரை என்னிடம் ஒருவரும் சொன்னதில்லை.

மடி தண்ணீர்க் குடம் போலப் புடைத்திருந்தது. ஆனால் நான் எவ்வளவு பீய்ச்சியும் செம்பின் அடி நனைந்ததோடு சரி. மாடு பாலை எக்கிக்கொண்டது. மதினிக்கு வழிய வழியக் கொடுத்ததை எனக்குத் தராமல் உள்ளேயே அடக்கிக்கொண்டு அசைபோட்டது. மடி நோய் வந்துவிடுமோ என்று பயந்து கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மாவைக் கூட்டி வந்தேன். அவர் மடியை அமுக்கிப் பார்த்துவிட்டு விளக்கினார். வெளியே ஒரே பையாகத் தெரிந்தாலும் நான்கு காம்புக்கும் உள்ளே நான்கு தனி அறைகள். ஒன்றின் பால் மற்றதற்குப் போகாது. அறைகளுக்குள் திராட்சைக் குலை மாதிரிப் பொடிப் பொடிப் பைகள். ரத்தத்திலிருந்து சத்தை எடுத்துப் பாலாக்குகிறவை அவைதான். பாலில் பெரும்பகுதி அங்கேயே தங்கியிருக்கும். பழகிய கையோ குரலோ வாடையோ பட்டால், மாட்டின் மூளையிலிருந்து ஒரு சுரப்பு ரத்தத்தில் இறங்கி அந்தப் பைகளைப் பிழிந்துவிடும். பால் காம்புக்கு வரும். அதுவும் சில நிமிடம்தான். மாடு மிரண்டால் நின்றுபோகும்.

“நீங்க காம்பத்தான் இழுக்கலாம்,” என்றார் டாக்டரம்மா. “பால விடுறது மாடுதான்.”

மதினிக்குப் போன் போட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, “எஞ் சேலையக் கட்டிக்கிட்டு உக்காருங்க கொழுந்தனாரே. கந்தலா எடுத்துறாதீங்க, மாடு என்னயப் பத்தி என்ன நெனைக்கும்,” என்றார். அதை நம்பி நல்ல சேலை ஒன்றை எடுத்து, கூச்சத்தில் சோப்புப் போட்டு அலசிக் கட்டிக்கொண்டு போனேன். மாடு ஒரே உதையில் செம்பைக் கவிழ்த்தது. பிறகுதான் கொட்டகை விட்டத்தில் கிடந்த இந்த ஊதாச் சேலை கண்ணில் பட்டது. மதினி கறக்கும்போது கட்டுவது. அதை அழுக்கோடு சுற்றிக்கொண்டு, முகத்துக்கு முக்காடு போட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் காம்புகள் பருத்தன. செம்பில் நுரை ஏறியது.

அண்ணனுக்குச் சந்தோஷம். முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு மாடு விலைக்கு வருவதாகப் பேச ஆரம்பித்தார். எனக்குத்தான் உள்ளே குத்தியது. பால் வந்தது, எனக்கு வரவில்லை. தெருவில் போகிறவர்கள்கூட என்னை எட்டிப் பார்த்து மதினி எப்போது வருகிறார் என்றுதான் கேட்டார்கள். அண்ணன் சோற்றில் கை வைக்குமுன் போனில், “நீ சாப்பிட்டியா?” என்று அவரைக் கேட்பார். கன்றைப் பறிகொடுத்த ஒரு மாடு, ஆட்களைப் பார்த்து, இவர் போதும் என்று முடிவு செய்திருக்கிறது. என்னை அப்படி எந்த உயிரும் முடிவு செய்ததில்லை.

நான் கிளம்பிய அன்று சாயங்காலம் முக்காட்டோடு காம்பைக் கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் ஆட்டோ நின்றது. “பையப் பாத்து எறக்கு தம்பி, உள்ள கருவாடு இருக்கு,” என்று மதினியின் குரல். மாட்டின் காது நிமிர்ந்தது. நான் கையை எடுத்துவிட்டேன். நான்கு காம்பிலிருந்தும் பால் தானாகச் சொட்டியது. அப்புறம் ஒழுகியது. சாணியில் விழுந்து வெள்ளையாக ஓடியது.

மதினி எட்டிப் பார்த்தார். “அடியாத்தி, எனக்கு ஒரு தங்கச்சி வந்துருக்கா. எந்திரிங்க, பாலு வீணாப் போகுது.” அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். மதினி உட்கார்ந்ததும் செம்பு நிறைந்து வாளிக்கு மாறியது. “சரி விடுலே,” என்றார் அண்ணன். “நீ சாணி அள்ளிக்கிட்டுக் கூடமாட இரு.” அன்பாகத்தான் சொன்னார். இன்னொரு மாட்டைப் பற்றி அவர் பேசவில்லை. டீ குடித்துவிட்டு வாரேன் என்று சொல்லிக் கிளம்பினேன்.

நடந்து, பிறகு உப்பு லாரியில் தொற்றி, விடியும்போது பெரியபட்டினத்தில் இறங்கினேன். ஒரு மாட்டுக் கொட்டகை வாசலில் பாய் ஒருவர் கறவைக்காரன் வராமல் வாளியோடு நின்றிருந்தார்.

“கறக்கத் தெரியுமா தம்பி?”

“தெரியும்.”

“இது நேத்து வாங்கின மாடு. யாரையும் கிட்ட விடல.”

பையிலிருந்து சேலையை எடுத்து முந்தானைப் பக்கம் ஒரு முழம் கிழித்தேன். பாய் பதறினார். “என்னப்பா, பொம்பளச் சேலையப் போய்க் கிழிக்கிற?”

“மடி தொடைக்க.”

மிச்சத்தைப் பைக்குள் போட்டேன். கிழித்த துண்டை வெந்நீரில் முக்கிப் பிழிந்து நான்கு காம்பையும் துடைத்தேன். இழுக்கவில்லை. விலாவில் தோளைச் சாய்த்து, காம்புகளைப் பார்த்தபடி காத்திருந்தேன். மாடு திரும்பி என்னை மோந்து பார்த்தது. அதற்கு என் மதினியைத் தெரியாது.