காபி போட்டுக் கொடுத்த நோயாளி

“...அதத்தேன் நானும் சொல்றேன் மதினி, கவாத்து வெட்டி மொட்டையா நிக்கிற கொடியே பதினஞ்சாம் நாளு தளிர் விட்டுருது. நீங்க என்னடான்னா நாலு மாசமாச் சடவு சடவுன்னு கட்டில்லயே கெடக்கீக” என்றாள் என் நாத்தனார்.

மயிலாடும்பாறையில் ஏறி, தேனியில் பஸ் மாறி, கம்பத்துக்கு வந்திருந்தாள். மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் வீடு என்பதால் எங்களைப் பாக்கு வைத்து அழைக்க வந்தவள். என் கணவர் தோட்டத்துக்குப் போயிருந்தார். தட்டோடு என்னிடம் மாட்டிக்கொண்டாள், அல்லது நான் அவளிடம்.

திராட்சை போட்டிருக்கும் குடும்பத்தில் பேச்சுக்கு உவமையும் பந்தலிலிருந்துதான் இறங்கும். என் தலையைப் பார்த்துக்கொண்டே சொன்னதால் பொருத்தமாகவும் இருந்தது. ஆனால் கொடிக்கு வெட்டோடு சரி. எனக்கு மார்பில் கட்டியை வெட்டி எடுத்துவிட்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை மதுரைக்கு வரவழைத்து மருந்தும் ஏற்றினார்கள். நாலு முடிந்து இரண்டு பாக்கி.

வெயிலில் களை வெட்டிய சடவு, அந்த அசதி எனக்குத் தெரியும். ஒரு ராத்திரி தூங்கினால் அது போய்விடும். இது அப்படிப்பட்ட மானஸ்தன் இல்லை. நான் கண் விழிக்கும் முன்பே விழித்து, எனக்காகக் காத்திருந்தது. ஸ்டூல் போட்டு உட்கார்ந்து குளித்தேன். குளித்த களைப்புக்குப் படுத்தேன். தலை சீவும் வேலை இல்லாதது ஒன்றுதான் லாபம்.

பார்க்க வந்தவர்கள் சொன்னதையெல்லாம் மனசுக்குள் சேர்த்து வைத்திருக்கிறேன், எறிய மனமில்லை. ‘எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கு இதேதேன், பத்தாம் நாளே பைக் ஓட்டிட்டு வந்துட்டாரு’ என்றார் ஒருவர். ‘மாதுளைச் சாறு குடிங்க, ரத்தம் குபுகுபுன்னு ஊறும்’ என்றாள் ஒருத்தி, எனக்குள் போர் போட்டிருப்பதுபோல. ‘மொகம் தெளிச்சியாத்தேன இருக்கு’ என்று சொல்லாமல் எழுந்து போனவரே இல்லை.

முகம் தெளிச்சியாக இருந்தது என் தப்பு. ஆள் வந்தால் படுத்துக் கிடப்பது மரியாதை இல்லை என்று வளர்ந்துவிட்டேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து, பவுடர் பூசி, பொட்டு வைத்து, தலையில் துணியைக் கட்டி, காபி போட்டு நீட்டுவேன். குடித்துவிட்டுத் தெருவில் இறங்கியதும், ‘அவளுக்கு ஒண்ணுமில்ல, காபியே அவதேன் போட்டா’ என்பார்கள். அந்த ஒரு தம்ளர் காபிக்காக அடுத்த இரண்டு நாள் நான் விழுந்து கிடந்ததை யாரும் ருசி பார்க்கவில்லை.

என் காபியின் புகழ் மயிலாடும்பாறைவரை போயிருந்தது.

“எங்க அத்தை சொல்றாக மதினி,” என்று தன் மாமியார் பேச்சை எடுத்து நாத்தனார் குரலை இறக்கினாள். “வீட்டுல அடுப்பு வேலையெல்லாம் பாக்குறாகளாம், நம்ம விசேசத்துக்கு மட்டும் ஒடம்பு முடியாதாம், சீர் செய்யப் பயந்துக்கிட்டுப் படுத்துட்டாகன்னு. நீங்க வந்து மொதத் தட்டத் தூக்கலைன்னா அந்த வீட்டுல நான் எப்பிடித் தலை நிமிந்து நடக்குறது?”

தாய்மாமன் சீர் தெருமுக்கிலிருந்து கோயில்வரை மேளத்தோடு வரும். முதல் தட்டு தாய்மாமன் மனைவியின் தலையில் இருக்க வேண்டும். அது இல்லாத குறைக்கு வருஷக்கணக்கில் முகம் பார்க்காமல் போன அண்ணன் தங்கைகளை எனக்கே தெரியும். என்னால் என் கணவரும் இவளும் அப்படி ஆகிவிடுவார்களோ என்ற பயத்தில், ‘வர்றேன்’ என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். பிறகுதான் பார்த்தேன்: அன்று நான் பவுடர் பூசவில்லை, காபியும் போடவில்லை. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நாள் வாய்க்காது.

“அந்தப் பாக்குத் தட்டக் குடு. இங்கனயே நடந்து பாத்துருவோம்” என்றேன்.

அவளுக்கு ஒரே சந்தோஷம். தேங்காய், பழம், வெற்றிலையோடு தட்டைத் தூக்கி என் தலையில் வைத்து, “டும்டும் டும்டும்” என்று வாயாலேயே மேளம் கொட்டினாள். கட்டிலிலிருந்து வாசலைப் பார்த்து நடந்தேன். மூன்றாவது அடியில் தொடை நடுங்கியது. ஐந்தாவது அடியில் கைகள் மரத்துவிட்டன. ஏழாவதில் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். தட்டை மடியில் பிடித்துவிட்டேன். தேங்காய் மட்டும் உருண்டு பிரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது.

மேளம் நின்றது.

“மதினி, நடிக்கிறீகளா?”

எனக்கு மூச்சு வாங்கியது. குனிந்து என் கழுத்தைத் தொட்டவள், சில்லென்ற வேர்வை பட்டதும் கையை இழுத்துக்கொண்டாள். அதைத் தன் சேலையில் துடைக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“தெருமுக்குல இருந்து கோயிலுக்கு எத்தனை அடி இருக்கும்?” என்று மூச்சு திரும்பியதும் கேட்டேன்.

“ஏழுக்கு மேல இருக்கும்” என்றாள்.

பிறகு செல்போனை எடுத்து மாமியாருக்குப் போட்டாள். “அத்தே, எங்க மதினி காதுகுத்துக்கு வந்து சேர்ல உக்காந்திருப்பாக, அம்புட்டுத்தேன். மொதத் தட்ட நீங்க தூக்குறீக. ஒங்களுக்குத்தேன் ஒடம்பு நல்லாருக்கே” என்றவள், அந்தப் பக்கத்திலிருந்து பதில் வருவதற்குள் போனைக் கட் பண்ணி இடுப்பில் செருகிக்கொண்டாள்.