இருநூறு பெண்கள், ஒரே நேரம்

போன மாதம் ஒரு ஞாயிறு, மாமல்லபுரத்தில் சைக்கிள் விழா. சிறப்பு விருந்தினர் வரிசையில் நானும் ஒருத்தி. பத்தி எழுதுகிறேன் இல்லையா... சால்வைக்குத் தகுதி வந்துவிட்டது!

ஆண்களுக்கு ஐம்பது கிலோமீட்டர். நெஞ்சில் நம்பர், சைக்கிளில் நேரம் குறிக்கும் சிப். பெண்களுக்கு இருபது. சிப் கிடையாது. பதிலுக்கு ரோஸ் கலர் டீ-ஷர்ட், ரோஸ் கலர் பலூன், ஃபேஸ் க்ரீம் பாக்கெட். 'பெஸ்ட் ஸ்மைல்' பரிசு வேறு. ஐம்பது கிலோமீட்டர் மிதித்து வரும் ஆண்களிடம் யாராவது சிரிக்கச் சொல்வார்களா?

கிளம்பும் முன் கோமதி என்னிடம் வந்து பேசினார். சிங்கப்பெருமாள் கோயிலில் வீடு, தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. போக வர சைக்கிள்தான் — கியர் இல்லாத பழைய வண்டி.

"அடுத்த மாசம் இவங்களே நடத்தற நூறு கிலோமீட்டர் ரைடு கீது மேடம். இருபதை ஒரு மணி நேரத்துல முடிச்ச சர்டிபிகேட் இருந்தாதான் சேத்துப்பாங்களாம். அதுக்கோசரம்தான் வந்தேன்."

"சிப் இல்லையேம்மா?"

"ரிப்பனைத் தாண்டறப்போ டைம் எழுதிப்பாங்களாம். கேட்டுகினேன்."

அந்த ரிப்பனின் ஒரு முனையை என் கையில்தான் கொடுத்திருந்தார்கள்.

ஐம்பத்தைந்தாவது நிமிடம். சாலை வளைவில் ஒரே ஒரு ரோஸ் சட்டை. கோமதி! பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை யாருமில்லை. நான் போட்ட கூச்சலில் பக்கத்தில் இருந்தவர் காதைப் பொத்திக்கொண்டார்.

அமைப்பாளர் மைக்கோடு குறுக்கே ஓடினார்.

"அக்கா, ஸ்டாப் ஸ்டாப்! ரிப்பனைத் தொட்டுடாதீங்க. சீஃப் கெஸ்ட் மேடம் வந்துட்டிருக்காங்க. எல்லாரும் ஒண்ணா கிராஸ் பண்ணாதான் ட்ரோன் ஷாட் நல்லா வரும்."

கோமதி ஒரு காலை ஊன்றி நின்றார். "இன்னா சார் இது... என் டைம் போவுதே!"

"இது போட்டி இல்லக்கா, கொண்டாட்டம்!"

அவர் என்னைப் பார்த்தார். நான் ரிப்பனை விட்டிருக்கலாம். விரலைத் தளர்த்தினால் போதும். வந்த இடத்தில் நமக்கெதற்கு வம்பு என்று பிடித்தபடியே நின்றேன்.

அரை மணி நேரம் கழித்து சீஃப் கெஸ்ட் காரில் வந்து இறங்கி, கடைசி நூறு மீட்டரை மிதித்தார். எல்லாரும் கையசைத்து, சிரித்து, தாண்டினார்கள். சர்டிபிகேட்டில் இருநூறு பேருக்கும் ஒரே நேரம்: ஒரு மணி இருபத்தேழு நிமிடம். முதலில் வந்தவருக்கும் அதே, நடுவழியில் இளநீர் குடித்துவிட்டு வந்தவருக்கும் அதே. என்னே சமத்துவம்!

கோமதி அதை இரண்டு தடவை படித்தார்.

"வேணும்னா திரும்ப ஒருக்கா ஓட்டிக் காட்டட்டா மேடம்?"

நான் சால்வையைச் சரிசெய்துகொண்டேன்.

வேகமாக வா என்று பெண்களுக்கு அழைப்பிதழ் அடிக்கிறோம். வந்தால்... நில்லு, எல்லாரும் வரட்டும் என்கிறோம். வெட்கமாக இருக்கிறது.

நூறு கிலோமீட்டர் ரைடில் கோமதிக்கு இடமில்லை. ரூல்ஸ் ரூல்ஸ்தானாம். அந்த ரைடுக்கான போஸ்டர் இந்த வாரம் மாமல்லபுரம் சாலை முழுக்க ஒட்டப்பட்டிருக்கிறது. படத்தில் ஒரு காலை ஊன்றி நிற்பது கோமதி. மேலே கொட்டை எழுத்தில் ஒரு கேள்வி: 'இவளை நிறுத்த யாரால் முடியும்?'

ஓரத்தில், ரிப்பனைப் பிடித்திருக்கும் கை என்னுடையது.